பெட்ஷீட் துவைத்தவனுக்குச் சம்பளம் உண்டா?

பெங்களூரில் இருக்கும் மச்சினன் நேற்று போன் செய்தான். ஆபீஸ் நண்பனோடு சேர்ந்து ஏற்காட்டில் ஒரு வீட்டை மாத வாடகைக்குப் பிடித்து, நாள் வாடகைக்கு விடப்போகிறானாம். "நீங்கதான் பண்ணியிருக்கீங்களே மாமா, ஏதாச்சும் சொல்லுங்க" என்றான். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

2023இல் நானும் என் நண்பனும் சேலம் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்த தொழில் இது. அவன் நாலு லட்சம், நான் ஒரு லட்சம், லாபத்தில் சரிபாதி. அவன் சென்னையில் வேலையில் இருக்கிறான். நான் மலையடிவாரத்துக் கோரிமேட்டுக்காரன், வண்டியை எடுத்தால் இருபது கொண்டை ஊசி வளைவுதான் தூரம். "பணம் நானு, ஓட்டம் நீ" என்றான். பேப்பரில் எதுவும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம், எழுதவா தோன்றும்?

ஓட்டம் என்றால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும், 1 மணிக்கு அடுத்தது வந்து நிற்கும். நடுவில் இரண்டு மணி நேரத்தில் வீடு புதுசாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் துணி காயவே காயாது. பனி இறங்கிவிட்டால் மூணு நாள் ஆனாலும் ஈரம் அப்படியே இருக்கும். ஈர பெட்ஷீட்டைச் சாக்கில் கட்டி, பைக்கில் அடிவாரம் இறக்கி, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காயவைத்து, மறுபடி மேலே ஏற்றுவேன். (காயப்போட்டது என் மனைவி. அவளுக்கு எந்தக் கணக்கிலும் பங்கு கிடையாது. இதைத் தனியாக எழுத வேண்டும், தைரியம் வரட்டும்.) சுத்தம் செய்ய வந்த அக்கா, காபிப் பழம் பறிக்கும் சீசன் தொடங்கியதும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார். அங்கே கூலி கூட, போகாமல் என்ன செய்வார்? அந்த மாதங்களில் பாத்ரூம் கழுவியது நான்தான். குரங்கு ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனதற்கு இரண்டு ஸ்டார் கொடுத்த புண்ணியவானும் உண்டு.

மே மாதக் கோடை விழா சமயத்திலும் சனி ஞாயிறுகளிலும் நல்ல வரும்படி. அப்போது எந்தப் பிரச்சினையும் வரவில்லை. லாபம் வரும்போது யாருக்குக் கணக்குத் தோன்றும்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. வந்திருந்த புக்கிங் எல்லாம் ரத்து, முன்பணம் முழுக்கத் திருப்பிக் கொடுத்தோம். வீட்டு ஓனருக்கு வாடகை மட்டும் தேதி தவறாமல் போனது. அந்த மாதம் நஷ்டம். நஷ்டத்திலும் சரிபாதி என்று என் பாதியைக் கட்டினேன். ஒழுகிய ஓட்டுக்குத் தார்ப்பாய் கட்டியதும் நான், பணம் கட்டியதும் நான்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டேன், "எனக்கு மாசம் ஒரு தொகை வேணும்டா" என்று. அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. "நாலு பங்கு பணம் போட்டுட்டு பாதிதானே எடுக்கறேன்? உன் உழைப்பு அதுலயே வந்துருச்சு மாப்ள." லாபம் வந்த மாதத்துக்கு அது சரி. லாபமே இல்லாத மாதத்தில் பூஜ்யத்தில் பாதி பூஜ்யம்தானே?

ஆடிட்டரிடம் போனோம். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவைக் காட்டினார். கூட்டாளிகள் தங்களுக்குள் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிசமம். ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் ஒருவர் தொழிலுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. தொழிலை நடத்த உழைத்ததற்குச் சம்பளம் கிடையாது. அதாவது, கீசர் வாங்க அவன் பிறகு கொடுத்த முப்பதாயிரத்துக்கு வட்டி உண்டு, அந்தக் கீசரைக் கழற்றி மாட்டிய எனக்கு ஒன்றும் இல்லை. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. எழுதிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது, எழுதாதது நாங்கள்தான். கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் அந்தச் சம்பளத்தை, வரம்புக்குள், வரிக் கணக்கில் தொழிலின் செலவாகக் காட்டவும் முடியும் என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து பழைய கணக்கை எடுத்தேன். அந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்திருந்தால் என்ன கொடுத்திருப்போமோ, அதை மாதாமாதம் கழித்துப் பார்த்தேன். மே மாதத்தையும் வேறு இரண்டு மாதங்களையும் தவிர எதிலும் லாபமே இல்லை. நாங்கள் பிரித்துக்கொண்ட லாபம் முக்கால்வாசி என் கூலி. அதில் பாதியை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன், அவனுக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல். அவன் மோசக்காரன் இல்லை. அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான்தான்.

2025 மார்ச்சில் வீட்டை ஒப்படைத்துவிட்டோம். கட்டில், கீசர் அவனுக்கு. பெட்ஷீட் எனக்கு. நாற்பத்திரண்டு, எல்லாம் சென்னிமலைச் சரக்கு, பரண்மேல் கிடக்கிறது.

மச்சினனிடம் சொன்னது இதுதான். வேலை பார்க்கிறவன் சம்பளத்தை முதலில் எழுது. வாடகை, கரண்ட் பில் மாதிரி அதுவும் ஒரு செலவு. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பங்கு போடு. மிஞ்சவில்லை என்றால் அந்த வீட்டைப் பிடிக்காதே.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஃப்ரெண்டுகிட்டப் போயி இதெல்லாம் எப்படி மாமா கேக்கறது?" என்றான்.

"வேலை பாக்கப்போறது யாரு?" என்று கேட்டேன்.

"அவன்தான். நான் பணம் மட்டும்."