போயட் கப்பலைப் பற்றி ஒரு வரியாவது

போர்க்காலப் படைக் கப்பல்கள் பின்னாளில் என்ன ஆயின என்று சொல்லும் கட்டுரையில் போயட் இல்லாதது மனதை உறுத்துகிறது. 1944இல் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் கட்டப்பட்ட 'ஜெனரல் ஓமர் பண்டி' என்ற அமெரிக்கப் படைக் கப்பல்தான் அது. சிப்பாய்களைச் சுமந்த கப்பலை 1960களில் விற்று, சரக்குக் கப்பலாக்கினார்கள். அப்புறம் பெயரும் மாறி, கடைசியில் போயட் ஆனது.

1980 அக்டோபர் 24 அன்று பிலடெல்பியாவில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு, 34 பேருடன் எகிப்தின் போர்ட் சயீதுக்குக் கிளம்பியது. நள்ளிரவு தாண்டி ஓர் அதிகாரி ரேடியோ தொலைபேசியில் மனைவியிடம் பேசியிருக்கிறார். அவ்வளவுதான். ஆபத்துச் செய்திகூட வரவில்லை. தேடத் தொடங்கவே நவம்பர் 8 ஆகிவிட்டது. ஒரு மிதவைகூடக் கிடைக்கவில்லை. கப்பலை விழுங்கியிருக்கக்கூடிய அட்லாண்டிக் புயலைக்கூட விடுங்கள், பேச்சு நின்றுபோன கப்பலை இரண்டு வாரம் யாரும் தேடாததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.