எஸ்கோபார் மீம் போட்டவங்களுக்கு

நேத்துல இருந்து குரூப்ல சுத்துற அந்த மீமை கண்டுக்காம போயிடலாம்னுதான் பாத்தேன், முடியல. நம்ம டீம் பையன் மேட்ச்ல சேம் சைடு கோல் போட்டுட்டான், சரி, தோத்த கடுப்பு இருக்கும். அதுக்காக சேம் சைடு கோல் போட்ட கொஞ்ச நாள்லயே கொல்லப்பட்ட கொலம்பியா கால்பந்து பிளேயர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் போட்டோவைப் போட்டு "தம்பி பாத்து வீட்டுக்குப் போ"ன்னு எழுதுவீங்களா? கீழ வரிசையா சிரிக்கிற எமோஜி வேற. 27 வயசுல சுட்டுக் கொன்னாங்கய்யா அந்த மனுசனை.

1994 உலகக் கோப்பை, ஜூன் 22, அமெரிக்காவுக்கு எதிரா கொலம்பியா மேட்ச். ஜான் ஹார்க்ஸ் கிராஸ் போடுறாரு, பின்னாடி ஒரு அமெரிக்க பிளேயர் ஓடி வர்றாரு, அதைத் தடுக்கத்தான் எஸ்கோபார் சறுக்கிட்டுப் போய் காலை நீட்டினாரு, பந்து அவர் காலுல பட்டு சொந்த கோலுக்குள்ளயே போயிடுச்சு. சேம் சைடு கோல் யார் காலுல படும்? தடுக்க ஓடினவன் காலுலதான் படும். சும்மா நின்னு வேடிக்கை பாத்தவன் பேரு எந்த ஸ்கோர்போர்டுலயும் வராது.

என் சித்தப்பா பையன் ஸ்டாப்பர் பேக், அதாவது கோல் விழாம தடுக்கிற டிஃபென்டர். ஒரு செவன்ஸ் (ஏழு பேர் டீம்) மேட்ச்ல இதே மாதிரி ஆகிப்போச்சு, வேன்ல வீடு வர்ற வரைக்கும் ஒருத்தனும் அவன்கிட்ட பேசல, ஷின் கார்டைக் கூட கழட்டாம ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தான். அடுத்த சீசன் அவன் கிரவுண்டுக்கே வரல. அந்த மேட்ச்ல அவன் காப்பாத்தின பந்து எத்தனைன்னு யாரும் கேக்கல.

எஸ்கோபாருக்கும் அதேதான். 1988ல வெம்ப்ளியில இங்கிலாந்துக்கு எதிரா தலையால கோல் அடிச்சு 1-1 ஆக்கினது இவருதான். 1989ல அவரோட கிளப் நேசியோனல், தென் அமெரிக்க கிளப்களுக்கான கோப்பா லிபர்தடோரெஸ் கோப்பையை ஜெயிச்சுது, கொலம்பியா கிளப் ஒண்ணு அதை ஜெயிச்சது அதுதான் முதல் தடவை, அந்த டீம்ல இவரும் இருந்தாரு. கால்பந்தின் ஜென்டில்மேன்னு அவரை அங்க கூப்பிட்டாங்க. இதெல்லாம் ஒருத்தராவது மீம்ல போட்டீங்களா?

"ஜோக்குதானே ப்ரோ, 30 வருசம் ஆச்சு"ன்னு வருவீங்க. அவர் குடும்பத்துக்கு அது எத்தனை வருசம் ஆனாலும் ஜோக் கிடையாது, அவ்வளவுதான். "கோலுக்காக கொல்லல, பெட்டிங் மாஃபியா"ன்னு இன்னொருத்தர் கிளாஸ் எடுப்பாரு. காரணம் எதுவா வேணா இருக்கட்டும், சிரிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? அந்த உலகக் கோப்பையில முதல் மேட்ச்லயே ருமேனியாகிட்ட 3-1ன்னு தோத்தாங்களே, அது இவர் ஒருத்தரால ஆனதா? அமெரிக்கா மேட்சுக்கு முன்னாடியே அவர் டீம்மேட் கேப்ரியேல் கோமெஸை இறக்கினா அவ்வளவுதான்னு கொலை மிரட்டல் வந்து அவரை வெளிய உக்கார வச்சாங்க, அந்த பயத்தோடதான் மொத்த டீமும் கிரவுண்டுல இறங்குச்சு.

அத்தனைக்கும் அப்புறம் இவர் ஓடி ஒளியல. வாழ்க்கை இதோட முடிஞ்சிடலன்னு பேப்பர்ல எழுதிட்டு ஊருக்குத் திரும்பிப் போனாரு. ஜூலை 2, மெடெயின்ல ஒரு பாருக்கு வெளிய வச்சு சுட்டாங்க. சுட்ட ஆளுக்கு 43 வருசம் தண்டனை குடுத்தாங்க, 2005லயே, அதாவது 11 வருசத்துல, வெளிய விட்டுட்டாங்க. இதை நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது, நீங்க எமோஜி போடுறீங்க.

மீமைப் போட்டவர் இன்னிக்குள்ள தூக்கிடுங்க, அந்தப் பையன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசிடுங்க. இல்லன்னா அந்த குரூப்ல எனக்கு வேலை இல்ல, நான் வெளிய வந்துடுறேன்.