பவுலஸ் பாட்டரின் காளை: ஒரே மாட்டைப் பார்த்து வரைந்ததா?

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள மவுரிட்ஸ்ஹைஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு காளை ஓவியம் அடிக்கடி பகிரப்படுகிறது. 'நிஜ மாட்டை எதிரே நிற்கவைத்து, ஒரே மூச்சில், மயிர் பிசகாமல் வரைந்தது. 1647இன் போட்டோ' என்று கூடவே ஒரு குறிப்பு.

ஓவியமும் ஆண்டும் சரி. 'நிஜ மாடு' என்பதுதான் தவறு.

இதை வரைந்த பவுலஸ் பாட்டருக்கு அப்போது 21 வயது. வெவ்வேறு வயது மாடுகளைப் பார்த்து, அவற்றின் உறுப்புகளை ஒரே உடலில் சேர்த்திருக்கிறார். தோளைப் பாருங்கள், நன்கு வளர்ந்த காளை. அப்புறம் பின்பக்கம் போங்கள், ஒல்லியான இளங்கன்றுக்குரியது. மாடு வளர்த்தவர் யாரும் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்.

'ஒரே மூச்சில் வரைந்தார்' என்பதும் சரியில்லை. முதலில் காளை மட்டும்தான் இருந்தது. பிறகு துணியை ஒட்டிப் பெரிதாக்கி, விவசாயி, பசு, ஆடுகளை எல்லாம் சேர்த்தார். அதனால்தான் இப்போது சுமார் 11 அடி அகலம், ஏறக்குறைய 8 அடி உயரம்.

ஆனாலும் ஏமாறுவதில் நியாயம் உண்டு. காளையை மொய்க்கும் ஈக்கள், புல்லில் ஒரு தவளை, பசுவின் பக்கத்தில் சாணம். இத்தனை நுணுக்கம் இருக்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? தூரத்தில் தெரிவது ரைஸ்வைக் ஊரின் தேவாலயம், அது உண்மையான ஊர்.

1795இல் பிரெஞ்சுப் படை இதைப் பாரிஸுக்குக் கொண்டுபோனது. 1815இல்தான் ஊர் திரும்பியது. பாட்டர் 28 வயதிலேயே இறந்துவிட்டார்.