நடிப்பு என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் கூட்டத்தில் நம் பேச்சாளர் பேசியதற்கு நம் ஆட்கள் கைதட்டியதை நானும் பார்த்தேன். "மல்டிபிள் பர்சனாலிட்டி எல்லாம் டாக்டர்களும் சினிமாவும் கிளப்பிவிட்டது, சுத்த நடிப்பு." ஒரே ஆளுக்குள் வெவ்வேறு ஆட்கள் மாறி மாறி வருவது போல் தெரியும் மனநோயைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இந்த நோய்க்குக் காரணம் எது என்பதில் இரண்டு தரப்பு உண்டு. சிறுவயதில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமையால், நினைவையும் 'நான்' என்ற உணர்வையும் குழந்தையால் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள முடியாமல் போகிறது என்பது ஒன்று. அமெரிக்க மனநல மருத்துவர் ஃப்ராங்க் பட்னம் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் உள்ள 100 பேரில் 97 பேருக்குச் சிறுவயதில் பெரிய பாதிப்பு நடந்திருப்பதாக அவர்களுடைய சிகிச்சையாளர்கள் சொன்னார்கள். சிகிச்சையாளர் கேட்கும் கேள்விகளும் சுற்றி உலவும் கதைகளும்தான் நோய்க்கு இந்த வடிவத்தைத் தருகின்றன என்பது உளவியலாளர் நிக்கோலஸ் ஸ்பானோஸ் போன்றவர்களின் தரப்பு. அந்தத் தரப்புகூட, நோயாளி வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. நம் பேச்சாளர்தான் சொன்னார்.

பொய் நினைவுகள் இல்லையா என்பீர்கள். உண்டு. ஹிப்னாசிஸில் நடக்காததை நோயாளியின் மனதில் நினைவாக விதைத்த சிகிச்சையாளர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள், வழக்குகளும் நடந்தன. அதற்காக எல்லாரும் பொய்யா? 2012இல் வந்த ஓர் ஆய்வில், நடிக்கச் சொல்லப்பட்டவர்களால் அந்த நோயாளிகளிடம் தெரிந்த மூளை ரத்த ஓட்ட மாற்றத்தைக் கொண்டுவர முடியவில்லை. நடிப்பு இல்லை.

நான் வளர்ந்தது கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைனில். பக்கத்து வீட்டு அக்கா இலை எடை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், சில நாள் சின்னப் பிள்ளையின் குரலில் பேசுவார். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. திருநீறு போட்டார்கள், வேப்பிலையால் அடித்தார்கள். "வேலைக்கு வர வலிக்குது, நடிக்கிறா" என்றார் மேஸ்திரி. அக்காவுக்கு இருந்தது இந்த நோய்தான் என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் சின்ன வயதில் அவருக்கு என்ன நடந்தது என்று லைனில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

சரி, கொடுமைக்கு ஆளான எல்லாருக்கும் இது வருவதில்லையே? வராது. கொடுமையோடு, நடப்பதிலிருந்து மனம் விலகிக்கொள்ளும் இயல்பும் இருக்க வேண்டும், தேற்ற ஆள் இல்லாமலும் போக வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் க்ளஃப்ட் 1984இலேயே எழுதிவிட்டார். இந்தத் தேற்ற ஆள் இல்லாததைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை வந்து சொன்னால் "வெளியே சொல்லாதே, மானம் போயிடும்" என்று வாயை அடைப்பது நாம். அதே பிள்ளை வளர்ந்து வேறு குரலில் அழுதால் நடிப்பு என்பதும் நாம்.

அந்த அக்காவுக்குக் கொடுமை செய்தவர் கடைசிவரை கோயில் திருவிழாவில் முன்னால் நின்று மரியாதை வாங்கினார். அவரைப் போன்றவர்களைப் பற்றி ஒரு மேடையிலாவது பேசியிருக்கிறீர்களா?