பத்தாம் வகுப்புக் கணிதத்துக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்திலும் 25 மதிப்பெண்ணுக்குத் தனிச் செய்முறைத் தேர்வு உண்டு என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது அறிவியல் பாடத்துக்கு உரியது. கணிதத்துக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வில்தான். ‘செய்முறை வடிவியல்’ என்ற பெயரால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

அதுவும் அதே வினாத்தாளில் வருகிறது. கடைசிப் பகுதியைப் பாருங்கள்: 43-ஆவது வினா வடிவியல், 44-ஆவது வரைபடம். ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண், இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. வடிவொத்த முக்கோணமோ வட்டத்துக்குத் தொடுகோடோ வரைய, கவராயத்தைத் தேர்வு அறைக்கே கொண்டுபோக வேண்டும். இதைத் தனித் தேர்வு என்று நம்பிப் பிள்ளைகள் பயிற்சியைத் தள்ளிப்போட்டால் 16 மதிப்பெண் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தேகமிருந்தால் சென்ற ஆண்டுப் பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்றை எடுத்து, நான்கு பகுதிகளின் மதிப்பெண்களையும் கூட்டிப் பாருங்கள்: 14, 20, 50, 16.