லூப்பின் டெம்போ: 240-ஐ வகுப்பது எப்போதும் பொருந்தாது

லூப் என்பது திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டு; டெம்போ என்பது நிமிடத்துக்கு எத்தனை அடிகள் என்ற வேகம். "240-ஐ லூப்பின் நீளத்தால் வகுத்தால் அசல் டெம்போ கிடைத்துவிடும்" என்று சொல்லப்படும் வழி, நான்கு அடிகள் கொண்ட ஒரே ஒரு பார் (தாளத்தின் ஓர் ஆவர்த்தனம்) உள்ள லூப்புக்கு மட்டுமே பொருந்தும். லூப்பில் உள்ள மொத்த அடிகளை 60-ஆல் பெருக்கி, வரும் தொகையை நொடிகளில் அளந்த நீளத்தால் வகுப்பதே பொதுவான வழி. 5.647 நொடி நீளமுள்ள டிரம் லூப் ஒன்றை 240-ஐ வகுக்கும் வழியில் கணக்கிட்டால் 42.5 என்று வரும். அதில் 16 அடிகள் இருப்பதைக் காதால் எண்ணி அறிந்தால் விடை 170 ஆகிவிடுகிறது. எண்ணும் வேலையைக் காதிடம்தான் விட வேண்டும். டெம்போ 85-ஆ, அதன் இரு மடங்கான 170-ஆ என்பதில் டெம்போ கண்டறியும் மென்பொருள்களே அடிக்கடி தடுமாறுகின்றன.

நீளத்தையும் அப்படியே நம்பக் கூடாது. எம்பி3 ஆக மாற்றும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது மௌனம் சேர்ந்துவிடுவதாலும், சில லூப்புகளின் இறுதியில் எதிரொலியின் வால் நீண்டிருப்பதாலும், முதல் அடியின் தொடக்கத்திலிருந்து அடுத்த சுற்றின் முதல் அடி விழ வேண்டிய இடம் வரை மட்டும் வெட்டி அளப்பதே சரி. வினைல் தட்டை வேகமாக ஓடவிட்டு எடுத்த துண்டானால், இந்தக் கணக்கு தருவது இப்போதைய வேகத்தை மட்டுமே. அசலை அறியச் சுருதியை ஒப்பிட வேண்டும்: அரைச்சுரம் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான இடைவெளி) ஒன்று உயர்ந்திருந்தால், வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்டப்பட்டிருக்கிறது.