பாங்குய் காற்றாலைகளைக் கட்டியது மார்கோஸா?

பிலிப்பைன்ஸின் இலோகோஸ் நோர்தே மாகாணத்தில், பாங்குய் கடற்கரையில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் காற்றாலைகளை ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியர் ஆளுநராக இருந்தபோது கட்டினார் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அவர் போட்டியிட்ட 2022 அதிபர் தேர்தல் நேரத்தில் இது ரொம்பவே ஓடியது.

கட்டியது அவர் இல்லை. நார்த்விண்ட் பவர் டெவலப்மென்ட் என்ற தனியார் நிறுவனம்தான் கட்டியது. டென்மார்க் அரசின் உதவியோடு கிடைத்த கடன் அதற்குக் கைகொடுத்தது. உலக வங்கி நிர்வகித்த கார்பன் நிதியும், அதாவது கரியமில வாயு வெளியேறுவதைக் குறைக்கும் திட்டங்களுக்கான நிதியும், அந்தக் குறைப்புக்குப் பணம் தர ஒப்பந்தம் போட்டது. 2005-இல் 15 காற்றாலைகள் ஓடத் தொடங்கின, ஒவ்வொன்றும் 1.65 மெகாவாட். பிறகு 5 சேர்ந்தன.

சரி, இந்தக் கதை ஏன் எளிதில் ஒட்டிக்கொள்கிறது? காலம் பொருந்துகிறது. மார்கோஸ் 1998 முதல் 2007 வரை அங்கே ஆளுநர். திட்டத்துக்கு மாகாண நிர்வாகம் ஒத்துழைத்தது என்று சொன்னால் அதில் தவறில்லை. ஆனால் ஒத்துழைப்பது வேறு, முதல் போட்டுக் கட்டுவது வேறு.

பக்கத்து ஊரான புர்கோஸில் உள்ள 50 காற்றாலைகளையும் சிலர் இவர் கணக்கில் எழுதுகிறார்கள். அவை 2014-இல் வந்தவை, எனர்ஜி டெவலப்மென்ட் கார்ப்பரேஷனுடையவை. அப்போது இவர் செனட்டர். ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் அக்கா ஐமி.